பேப்பர் பொட்டலத்தில் மீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளை மீன் துண்டைப் பேப்பரில் பொட்டலம் கட்டி ஓவனில் வைத்தால் கால் மணி நேரத்தில் இரவுச் சாப்பாடு தயார். இதை யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் ஒன்றிரண்டு தடவை செய்து பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடு திரும்பி வருகிறார்கள். சந்தேகங்களும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: காய் வேகவில்லை, தண்ணீர் விட்டுவிட்டது, பூண்டு பச்சையாக நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாணலியில் என்றால் நடுவில் கிளறலாம், உப்புப் பார்க்கலாம், தீயைக் குறைக்கலாம். பொட்டலத்தில் மடிப்பைப் போட்ட பிறகு நம் கை உள்ளே போகாது. அதனால் கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல், மூடுவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

1. ஓவன்ல வைக்கிறோம், ஆனா ஆவில வேகுதுன்னு சொல்றீங்க. இது எந்தக் கணக்கு?

ஓவனில் வைத்தாலும் நடப்பது ஆவியில் வேகுவதுதான். ஓவன் 200 டிகிரி செல்சியஸில் இருந்தாலும், பொட்டலத்துக்குள் ஈரம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் மீனின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மீனும் காயும் விடும் நீர் ஆவியாகி, இன்னும் சூடேறாத மீன் மேல் பட்டு மறுபடி நீராகிறது. அப்படி நீராகும்போது தன்னிடம் இருக்கும் வெப்பத்தை மீனுக்குக் கொடுத்துவிடுகிறது. வெறும் சூடான காற்றைவிட ஆவி வேகமாக வேகவைப்பது இதனால்தான்.

இதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. மீன் வறண்டு போகாது. அதன் சாறும் வெண்ணெயும் எலுமிச்சையும் வெளியே போக வழியில்லாமல் அடியில் தங்கி, தனியாகச் செய்யாமலே ஒரு சாறு கிடைத்துவிடும். ஆனால் பொன்னிறமும் மொறுமொறுப்பும் வராது. அவற்றுக்கு 100 டிகிரியைத் தாண்டிய நல்ல சூடும் காய்ந்த மேற்பரப்பும் வேண்டும். மொறுமொறு மீன்தான் வேண்டும் என்றால் அன்றைக்கு வாணலியை எடுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இந்த முறையை 'ஆன் பாப்பியோத்' என்கிறார்கள், இத்தாலியர்கள் 'அல் கார்தோச்சோ' என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பெரிய வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். மடிக்கத் தெரிந்தால் போதும்.

2. வெள்ளை மீன்னா எது? எதை வாங்கணும்?

சதை வெள்ளையாக, கொழுப்பு குறைவாக இருப்பவை. காட், ஹேடாக், ஹாலிபட், கொடுவா, களவா, திலாப்பியா எல்லாம் இந்த வகை. காட் போன்ற மீன்கள் கொழுப்பைக் கல்லீரலில் சேர்த்து வைக்கின்றன. காட் மீனின் கல்லீரல் எண்ணெய் தனியாக விற்பனைக்கு வருவது அதனால்தான். சால்மன், கானாங்கெளுத்தி, மத்தி போன்றவற்றில் கொழுப்பு சதை முழுக்கப் பரவியிருக்கும். கொழுப்பில்லாத சதை நேரடிச் சூட்டில் சீக்கிரம் வறண்டுவிடும் என்பதால், வெள்ளை மீனுக்குத்தான் பொட்டலம் அதிகம் உதவும்.

பெயரைவிடக் கனம்தான் முக்கியம். 2 முதல் 2.5 செ.மீ. கனமுள்ள, ஒரே சீரான துண்டாகக் கேட்டு வாங்குங்கள். சால்மனும் பொட்டலத்தில் நன்றாக வரும். மத்தியை மட்டும் நான் கட்டுவதில்லை. மூடிய இடத்தில் அதன் வாசனை தூக்கலாகிவிடுகிறது.

3. முதல் தடவை செய்யப் போறேன். அளவோட ஒரு தடவை முழுசா சொல்லிடுங்க.

ஒரு ஆளுக்கு ஒரு பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவனை 200 டிகிரிக்குப் போட்டு, தட்டையும் உள்ளேயே வைத்துச் சூடேற்றுங்கள். 150 முதல் 180 கிராம் வரை உள்ள மீன் துண்டை எடுத்து டிஷ்யூ பேப்பரால் இருபுறமும் ஒற்றி எடுங்கள். சுமார் 40 செ.மீ. நீளத்துக்குப் பேக்கிங் பேப்பரைக் கிழித்து, பாதியாக மடித்துத் திறந்து, மடிப்புக் கோட்டுக்கு ஒரு பக்கத்தில் மெல்லியதாக நறுக்கிய காயை ஒரு கைப்பிடி பரப்புங்கள். சுக்கினி, பாதியாக வெட்டிய சின்னத் தக்காளி, பசலைக்கீரை என்று சீக்கிரம் வேகும் எதுவும் சரி.

காயின் மேல் மீன். கால் தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி வெண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய், மெல்லிய எலுமிச்சை வட்டம் இரண்டு, கொஞ்சம் கொத்தமல்லி அல்லது டில். ஒரு மேசைக்கரண்டி தண்ணீரோ மீன் வேகவைத்த சாறோ விடலாம். காய் நீர் விடும் வகையானால் அதுவும் வேண்டாம். மூடி மடித்து, சூடான தட்டில் வைத்து 12 முதல் 14 நிமிடம். வெளியே எடுத்த பிறகு 2 நிமிடம் அப்படியே விட்டுவிட்டுப் பிரியுங்கள்.

தட்டை ஏன் முதலிலேயே சூடாக்க வேண்டும் என்று கேட்பார்கள். குளிர்ந்த தட்டில் வைத்தால் முதல் சில நிமிடங்கள் தட்டைச் சூடாக்கவே போய்விடும். சூடான தட்டில் வைத்தவுடன் அடியிலிருந்து 'சுர்ர்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். காய் வேகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

4. ஒருத்தர் 10 நிமிஷம்ங்கிறார், ஒருத்தர் 20 நிமிஷம்ங்கிறார். எதை நம்பறது?

இருவர் சொல்வதும் அவரவர் மீனுக்குச் சரியாக இருக்கலாம். நேரத்தைத் தீர்மானிப்பது எடையைவிட மீனின் கனம். ஸ்கேலை வைத்து, மிகக் கனமான இடத்தை அளந்து பாருங்கள். 200 டிகிரியில் 1.5 செ.மீ. துண்டுக்கு 10 நிமிடம், 2 முதல் 2.5 செ.மீ.க்கு 12 முதல் 14, 3 செ.மீ.க்கு 16 முதல் 18 என்று தொடங்கலாம். ஃபேன் உள்ள ஓவன் என்றால் சூட்டை 20 டிகிரி குறைத்து 180 வையுங்கள்.

கனடாவின் மீன்வளத் துறை பிரபலமாக்கிய ஒரு பழைய கணக்கும் உண்டு. 230 டிகிரி ஓவனில் ஒரு அங்குலக் கனத்துக்கு, அதாவது 2.5 செ.மீ.க்கு, 10 நிமிடம். ஃபாயிலில் சுற்றியிருந்தால் 5 நிமிடம் கூடுதல். நினைவில் வைக்க எளிது. ஆனால் பேக்கிங் பேப்பர்களில் பல 220 டிகிரி வரைக்கும்தான் தாங்கும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். பேப்பர் பொட்டலத்துக்கு அந்த 230 வேண்டாம்.

உங்கள் ஓவன் உண்மையில் எவ்வளவு சூடாகிறது என்பதை ஓரிரு தடவை செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். முதல் தடவை எத்தனை நிமிடம் வைத்தீர்கள், மீன் எப்படி வந்தது என்று எழுதி வையுங்கள். அந்தத் துண்டுச் சீட்டுக்கு ஈடாக எந்தச் சமையல் புத்தகமும் கிடையாது.

5. பிரிச்சுப் பார்த்தா ஆவி போயிடும். பிரிக்காம வெந்துடுச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மெல்லிய கம்பிக் குச்சி ஒன்றை எடுத்து, பேப்பரோடு சேர்த்து மீனின் கனமான இடத்தில் நேராக இறக்குங்கள். வெந்த மீனில் குச்சி வெண்ணெயில் போவதுபோல் இறங்கும். வேகாத மீனில் நடுவில் ரப்பர்போல் லேசாகத் தடுக்கும். அந்தத் தடை ஒரு தடவை கைக்குப் பழகிவிட்டால் பிறகு மறக்காது. சின்ன ஓட்டையால் பொட்டலத்துக்கு எதுவும் ஆகாது.

மீனின் சதை மெல்லிய அடுக்கு அடுக்காக அமைந்தது. அடுக்குகளை இணைக்கும் சவ்வு சூட்டில் கரையும்போது அடுக்குகள் தனித்தனியாக விலகும். பச்சையாக இருக்கும்போது கண்ணாடிபோல் மங்கலாகத் தெரிந்த சதை பால் வெள்ளையாக மாறும். பிரித்த பிறகு முள்கரண்டியால் லேசாகத் திருப்பினால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும்.

சமையல் வெப்பமானி இருந்தால் சந்தேகமே இல்லை. மீனுக்கு அமெரிக்க உணவுப் பாதுகாப்புப் பரிந்துரை 63 டிகிரி. மூடிய பொட்டலத்தில் அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் சூடு சில டிகிரி ஏறும் என்பதால், நான் 60 தொட்டதும் எடுத்துவிடுகிறேன். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் 63ஐப் பார்த்த பிறகே எடுங்கள்.

6. பட்டர் பேப்பர், பேக்கிங் பேப்பர், ஃபாயில்: எதில கட்டணும்?

பேக்கிங் பேப்பர், அதாவது சிலிகான் பூச்சுள்ள பார்ச்மென்ட், முதல் தேர்வு. ஒட்டாது, ஊறிக் கிழியாது, எலுமிச்சை பட்டாலும் ஒன்றும் ஆகாது. பட்டர் பேப்பர் என்ற பெயரில் பலவிதமான பேப்பர்கள் விற்கிறார்கள். சில வெறும் எண்ணெய் இறங்காத பேப்பர், சிலவற்றில் மெழுகு பூசியிருக்கும். மெழுகு ஓவனில் உருகும், புகையும். அட்டையில் 'ஓவனில் பயன்படுத்தலாம்' என்றும் இத்தனை டிகிரி வரை என்றும் அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஃபாயில் மடிக்கச் சுலபம், பிரியவும் பிரியாது. ஆனால் எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்பும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் கொஞ்சம் கரையும். ஃபாயிலில் கருப்புப் புள்ளிகள் தெரியும், மீனில் உலோக ருசி தட்டும். ஃபாயில்தான் இருக்கிறது என்றால் உள்ளே ஒரு துண்டு பேக்கிங் பேப்பரை விரித்து அதன் மேல் மீனை வைத்துக் கட்டுங்கள்.

7. ஃபாயில்ல பளபளன்னு இருக்கிற பக்கம் உள்ளேயா, வெளியேயா?

எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான். தொழிற்சாலையில் கடைசிச் சுற்றில் இரண்டு தகடுகளைச் சேர்த்து உருட்டுகிறார்கள். உருளையில் படும் பக்கம் பளபளப்பாகவும், தகடுகள் ஒன்றோடொன்று உரசும் பக்கம் மங்கலாகவும் வருகிறது.

8. எனக்கு மடிப்பு நிக்கவே மாட்டேங்குது. ஓவன்ல பிரிஞ்சிடுது.

மடிப்பு பெரிதாக இருப்பதுதான் காரணமாக இருக்கும். பேப்பரை மீன் மேல் மூடிய பிறகு, ஒரு மூலையில் தொடங்கி விளிம்பை ஒரு செ.மீ. அளவுக்கு மடித்து நகத்தால் அழுத்துங்கள். அந்த மடிப்பின் பாதியில் அடுத்த மடிப்பு தொடங்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டே போனால் முந்தையதைப் பிந்தையது பிடித்துக்கொள்ளும். சோமாசியின் விளிம்பை முறுக்கத் தெரிந்தவர்களுக்கு இது கை வந்த வேலை. கடைசி நுனியை முறுக்கி அடியில் செருகிவிடுங்கள்.

படங்களில் பேப்பரை இதய வடிவில் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக மட்டுமல்ல, வளைந்த விளிம்பில் மடிப்பு தொடர்ச்சியாகப் போகும், மூலைகள் இடிக்காது. வேலை நாள் இரவில் அதற்கெல்லாம் நேரம் இல்லாவிட்டால் செவ்வகமாகவே கட்டுங்கள். எப்படிக் கட்டினாலும் மீனுக்கு மேல் இரண்டு மூன்று விரல் அளவு காலி இடம் இருக்கட்டும், ஆவி சுற்ற வேண்டும். பேப்பரின் நுனி ஓவனின் கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கருகிவிடும்.

9. பொட்டலம் பூரி மாதிரி உப்பும்னு சொன்னாங்க. எனக்கு உப்பவே இல்ல. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. உப்பினால் மடிப்பு இறுக்கமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். சின்ன இடைவெளி வழியாக ஆவி கொஞ்சம் போனாலும் மீன் வெந்துவிடும். இரண்டு நிமிடம் கூட ஆகலாம். உப்பியதை வைத்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். ஆவி முதலில் காயிலிருந்தே வந்துவிடும், மீனின் நடுப்பகுதி அப்போது பச்சையாகவே இருக்கலாம். குச்சி சொல்வதுதான் கடைசி வார்த்தை.

10. பிரிச்சா உள்ள தண்ணியா நிக்குது. மீன் நீந்துது!

பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த மீனைத் துடைக்காமல் வைத்திருப்பீர்கள். அல்லது காளான், பெரிய தக்காளி என நீர் விடும் காயை நிறையப் போட்டிருப்பீர்கள். அல்லது அதற்கு மேல் தண்ணீரும் ஊற்றியிருப்பீர்கள். காளானை முதலில் வாணலியில் போட்டு நீர் வற்றும்வரை வதக்குங்கள். பெரிய தக்காளியின் விதைப்பகுதியை எடுத்துவிடுங்கள்.

நான்காவது காரணம் நம் கையில் இல்லை. சில உறைந்த மீன்களில் எடையும் ஈரமும் நிற்பதற்காகப் பாஸ்பேட் உப்பு கலந்த நீரில் ஊற வைக்கிறார்கள். சூடு பட்டதும் அந்த நீர் வெளியே வரும். பாக்கெட்டின் பின்புறம் சேர்மானப் பட்டியலில் 'மீன்' என்பதற்குப் பிறகு வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்றைக்கு நிற்கும் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். ஒரு சின்ன வாணலியில் வடித்து, நன்றாகக் கொதிக்கவிட்டுப் பாதியாக வற்றியதும் ஒரு துண்டு வெண்ணெய் போட்டுச் சுழற்றுங்கள். மீனின் ருசியில் நல்ல பங்கு அதற்குள்தான் இருக்கிறது.

11. மீன் மேல வெள்ளையா, திரிதிரியா ஏதோ படிஞ்சிருக்கு. மீன் பழசா?

பழசு இல்லை. அது மீனின் சதைக்குள் கரைந்திருக்கும் புரதம். சதை சூட்டில் சுருங்கும்போது வெளியே பிதுங்கி, முட்டை வெள்ளைபோல் உறைகிறது. தாராளமாகச் சாப்பிடலாம். நிறைய வந்தால் அதிக நேரம் வெந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த தடவை 2 நிமிடம் குறையுங்கள்.

பார்வைக்கும் நன்றாக இருக்க வேண்டும் என்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து மீனை அதில் 15 நிமிடம் போட்டு எடுத்துத் துடையுங்கள். வெள்ளைப் படிவு நன்றாகக் குறையும், சதையும் கொஞ்சம் இறுகி நிற்கும். அப்படிச் செய்தால் பொட்டலத்தில் தனியாக உப்புப் போட வேண்டாம்.

12. மீன் வெந்துடுது, உருளைக்கிழங்கும் கேரட்டும் கடுக்குனு இருக்கு. என்ன பண்றது?

என்னிடம் வந்த கேள்விகளில் இதுதான் முதலிடம். மீன் 60 டிகிரியிலேயே வெந்துவிடும். உருளைக்கிழங்கும் கேரட்டும் மெத்தென்று ஆக 85, 90 டிகிரிக்கு மேல் பல நிமிடங்கள் நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே மடிப்புக்குள் வைத்தால் காய்க்காகக் காத்திருக்கும்போது மீன் கெட்டியாகும், மீனுக்காக எடுத்தால் காய் கடுக்கென்று நிற்கும். மூடும் முன்னரே அந்த இடைவெளியைச் சரி செய்துவிட வேண்டும்.

வழி இரண்டு. கடினமான காயைக் கத்தியின் கனத்துக்கு, 2 மி.மீ.க்கு, சீவுங்கள். அதுவும் கேரட்டுக்குத்தான் சரி வரும்; உருளைக்கு அது மட்டும் போதாது. உருளையை வட்டமாக நறுக்கி உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து, ஈரம் போக உலர்த்திவிட்டுப் பரப்புங்கள். பீன்ஸ், பிரக்கோலி போன்றவற்றைக் கொதிநீரில் 2 நிமிடம் போட்டு எடுத்தால் போதும். வைக்கும் வரிசையும் உண்டு: காய் எப்போதும் மீனுக்கு அடியில், சூடான தட்டுக்குப் பக்கத்தில். மீன் மேல் காயைக் குவித்தால் அது வேகாது, மீனையும் வேகவிடாது.

13. பூண்டு, வெங்காயம், மசாலா எல்லாம் பச்சை வாசனை அடிக்குது.

12ஆம் கேள்வியில் சொன்ன கணக்குத்தான் இங்கும். பச்சை வாசனை போக வதக்க வேண்டும், பொட்டலத்துக்குள் வதங்காது. எண்ணெயிலோ வெண்ணெயிலோ பூண்டு, வெங்காயம், மசாலாத்தூள்களை முதலில் மணம் வரும்வரை வதக்கி, ஆறவிட்டு, மீன் மேல் தடவுங்கள். ஆறாமல் தடவினால் மீனின் மேல்பக்கம் மட்டும் அப்போதே வேகத் தொடங்கும். நான் ஒரு கிண்ணம் பூண்டு வெண்ணெய் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்கிறேன். வேலை முடிந்து வரும் இரவில் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் முடிந்தது.

கீரை, கொத்தமல்லி, இஞ்சித் துருவல், எலுமிச்சைத் தோல் துருவல் ஆகியவற்றுக்கு வதக்கல் தேவையில்லை. எலுமிச்சைச் சாற்றை மட்டும் கடைசியில் பிழியுங்கள்.

14. ஃப்ரீஸர்ல இருந்து எடுத்து அப்படியே கட்டி வைக்கலாமா?

முடியும், ஆனால் சுமாராகத்தான் வரும். நேரம் ஒன்றரை மடங்கு ஆகும். வெளிப்பக்கம் வெந்து தளர்ந்த பிறகே நடுப்பகுதி சூடாகும். பனி உருகி வரும் நீர் வேறு (10ஆம் கேள்வி). முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. மறந்துவிட்டால், நீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முக்கி வையுங்கள். வெந்நீர் வேண்டாம்.

காற்றை உறிஞ்சி இறுக்கமாக அடைத்த பாக்கெட்டில் வரும் மீனை ஃப்ரிட்ஜில் உருகவைக்கும்போது, அந்தப் பையை முதலில் வெட்டித் திறந்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நச்சை உண்டாக்கும் ஒரு வகை பாக்டீரியா மீனில் இருக்கலாம், அது ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது. திறந்து வைத்தால் காற்றுப் படும், அந்த அபாயம் போய்விடும். பலருக்குத் தெரியாத விஷயம் இது, கட்டாயம் செய்யுங்கள்.

15. தோலை எடுக்கணுமா? முள் என்ன பண்றது?

ஆவியில் தோல் வழவழவென்று ஆகிவிடும், அதை விரும்பிச் சாப்பிடுபவர்கள் குறைவு. ஆனால் தோல் சதையைச் சேர்த்துப் பிடித்திருக்கும். எனவே மெல்லிய, உடையக்கூடிய துண்டென்றால் தோல் அடியில் இருக்கும்படி வைத்து, சாப்பிடும்போது கரண்டியால் சதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கனமான துண்டில் எடுத்துவிடலாம்.

முள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். முள் நீக்கிய துண்டு என்று வாங்கியதில்கூட நடுக்கோட்டை ஒட்டி நாலைந்து ஊசி முட்கள் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். நல்ல வெளிச்சத்தில் மீனைக் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் வளைத்துப் போட்டு, விரல் நுனியை இரண்டு பக்கமாகவும் மெதுவாக ஓட்டுங்கள். நுனி குத்தும் இடத்தில் இடுக்கியால் பிடித்து, முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். நேராக மேலே இழுத்தால் சதை பிய்ந்துவிடும். பொட்டலத்துக்குள் கீரையும் சாறும் கலந்த பிறகு தட்டில் முள்ளைத் தேடுவது கஷ்டம்.

16. என் துண்டு ஒரு பக்கம் கனமா, வால் பக்கம் பேப்பர் மாதிரி மெலிசா இருக்கு.

வால் நுனியை அடியில் மடித்துவிடுங்கள், கனம் சமமாகிவிடும். இரண்டு மெல்லிய துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக, தலைகால் மாற்றி வைப்பதும் நல்ல யோசனை. நடுவில் வதக்கிய பூண்டு வெண்ணெயைத் தடவலாம். இப்படி அடுக்கினால் நேரத்தை மொத்தக் கனத்துக்குக் கணக்கிடுங்கள்.

முழு மீனையும் கட்டலாம். 400 முதல் 500 கிராம் மீனென்றால் பக்கத்துக்கு மூன்று கீறல் போட்டு 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். குச்சியைத் தலைக்குப் பின்னால் இருக்கும் கனமான இடத்தில் இறக்கிப் பாருங்கள்.

17. காலையிலேயே கட்டி வச்சுட்டு, சாயங்காலம் ஓவன்ல போட்டா சரி வருமா?

சரி வரும், இரண்டு பொருளைத் தவிர்த்துவிட்டால். எலுமிச்சையோடு பல மணி நேரம் இருந்தால் அதன் புளிப்பே மீனின் மேற்பரப்பைச் சமைத்ததுபோல் வெளுக்க வைத்து, மாவுபோல் ஆக்கிவிடும். உப்பு போட்டால் மீனும் காயும் நீர் விட்டுப் பேப்பர் ஊறிவிடும். இவை இரண்டும் இல்லாமல் காய், மீன், வெண்ணெய், கீரையை வைத்துத் தளர்வாக மடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஓவன் சூடாகும் நேரத்தில் திறந்து, உப்பைத் தூவி, எலுமிச்சை வட்டங்களை வைத்து, இறுக்கமாக மடியுங்கள். வதக்கியதோ வேகவைத்ததோ எதுவானாலும் முழுக்க ஆறிய பிறகே மீனோடு சேர வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக ஓவனுக்குப் போவதால் 2 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

18. ஓவன் இல்ல. ஏர் ஃப்ரையர், மைக்ரோவேவ், அடுப்பு: எதுலயாவது முடியுமா?

மூன்றிலும் முடியும். ஏர் ஃப்ரையரில் 180 டிகிரி, 10 முதல் 12 நிமிடம். உள்ளே காற்று வேகமாகச் சுற்றும் என்பதால் பேப்பர் நுனிகளை அடியில் நன்றாகச் செருகுங்கள். தளர்ந்த பேப்பர் எழும்பி மேலே இருக்கும் கம்பியைத் தொட்டுவிடும். காலியான பேப்பரைப் போட்டுச் சூடேற்றவே கூடாது.

மைக்ரோவேவில் பேப்பர் மட்டும், ஃபாயில் கூடாது. 800 வாட்டில் ஒரு 150 கிராம் பொட்டலத்துக்கு 3 நிமிடம், பிறகு 2 நிமிடம் அப்படியே விட்டுக் குச்சியால் பாருங்கள். தேவைப்பட்டால் அரை அரை நிமிடமாகக் கூட்டுங்கள். அடுப்பில் என்றால் உள்ளே பேப்பர், வெளியே ஃபாயில். அடி கனமான அகலமான பாத்திரத்தில் வைத்து மூடி, மிதமான தீயில் 12 முதல் 15 நிமிடம். விளிம்பைத் தாண்டிப் பேப்பர் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. ஆவி பாத்திரத்திலும் வைக்கலாம், 10 முதல் 12 நிமிடம் ஆகும்.

19. நாலு பொட்டலம் ஒரே நேரத்துல வச்சா நாலு மடங்கு நேரமா?

இல்லை. ஓவனில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல், ஒரே தட்டில் ஒரே வரிசையில் வைத்தால் இரண்டு மூன்று நிமிடம் கூடும், அவ்வளவே. மைக்ரோவேவில் மட்டும்தான் அளவு கூடக் கூட நேரமும் கூடும். அதில் ஒவ்வொன்றாக வையுங்கள்.

20. வீட்டுல ஒருத்தருக்குக் காரம் ஆகாது, ஒருத்தர் வெண்ணெய் சாப்பிட மாட்டார், ஒருத்தர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். இதுக்கெல்லாம் தனித்தனியா சமைக்கணுமா?

பொட்டல முறையை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு இதுதான் காரணம். அவரவர் பொட்டலத்தில் அவரவருக்கு வேண்டியது. கட்டும் முன் பேப்பரின் வெளிப்பக்கம் பென்சிலால் பெயரை எழுதிவிடுங்கள். மடித்த பிறகு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். மீன் எல்லாருக்கும் ஒரே கனமாக இருக்கட்டும், அப்போதுதான் ஒன்றாக எடுக்க முடியும்.

தாமதமாக வருபவரின் பொட்டலத்தை வேகவைத்து மூடி வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டிலேயே மீன் வெந்துகொண்டே போகும். 17இல் சொன்னபடி கட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, அவர் வந்து முகம் கழுவும் நேரத்தில் ஓவனில் வையுங்கள்.

21. வீடெல்லாம் மீன் வாடை அடிக்குமே?

பொரிப்பதைவிட மிகக் குறைவு. எண்ணெய்ப் புகை இல்லை, வாசனையும் பெரும்பாலும் மடிப்புக்குள் நிற்கிறது. மீன் வாடைக்குக் காரணம் டிரைமெத்திலமைன் என்ற பொருள். கடல்மீன் உயிரோடு இருக்கும்போது உடலில் வாசனையில்லாமல் இருப்பதை, இறந்த பிறகு பாக்டீரியாக்கள் இப்படி மாற்றுகின்றன. புளிப்பு அதை ஆவியாகாமல் பிடித்து வைக்கும் என்பதால்தான் எலுமிச்சை பிழிந்ததும் வாடை அடங்குகிறது. லேசான வாடைக்குத்தான் இது. கட்டும்போதே மூக்கைத் துளைத்தால் எலுமிச்சையால் மறைக்கப் பார்க்காமல் அந்த மீனைத் தூர எறியுங்கள்.

22. ஒரு பொட்டலம் மிஞ்சிப் போச்சு. நாளைக்கு சூடு பண்ணலாமா?

வெந்த 2 மணி நேரத்துக்குள் பேப்பரிலிருந்து எடுத்து, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். அப்படியே மறுபடி சூடு செய்தால் மீன் நார் நாராகிவிடும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிர்ந்தபடியே இதழ் இதழாகப் பிரித்து, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்டு வெள்ளரித் துண்டுகளோடு கலந்து சாப்பிடுங்கள். இல்லையென்றால் மசித்த உருளைக்கிழங்கில் பிசைந்து, தட்டையாகத் தட்டி வாணலியில் இருபக்கமும் சிவக்க விடுங்கள். அடியில் தங்கிய சாறு ஃப்ரிட்ஜில் ஜெல்லிபோல் உறைந்திருக்கும். அதையும் அந்த மசியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

23. மேசையில எப்படிப் பரிமாறறது? தட்டுக்கு மாத்தும்போது மீன் உடைஞ்சிடுது.

மாற்ற வேண்டாம். பொட்டலத்தோடு தட்டில் வைத்து, அவரவரே பிரிக்கட்டும். மேல்பக்கத்தில் கத்தரிக்கோலால் சிலுவைபோல் வெட்டி, நாலு மடலையும் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். வெட்டும்போது முகத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள், முதலில் வரும் ஆவி கையைக்கூடச் சுட்டுவிடும். குழந்தைகளின் பொட்டலத்தைப் பெரியவர்கள் பிரித்து, ஆவி அடங்கிய பிறகு அவர்கள் முன்னால் வையுங்கள்.